ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்: கப்பல் சுற்றுலா ஏற்பாடு செய்யும் டிராவல்ஸ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சொகுசுக் கப்பல் பயணத்துக்கு ஆள் சேர்க்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மண்ணடியில் குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் இருக்கும் சின்ன ஆபீஸ் ஆகட்டும், வாட்ஸ்அப்பிலேயே பேக்கேஜ் விற்பவர் ஆகட்டும், நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஜன்னல் அறையா, பால்கனி அறையா என்று கேட்கிறீர்கள். பாஸ்போர்ட் காலாவதி ஆகிறதா என்று பார்க்கிறீர்கள். அதோடு சேர்த்து, ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு வேண்டும் என்றும் கேளுங்கள். தயவுசெய்து நீங்களாக ஒன்றைப் போட்டுவிடாதீர்கள்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். லிங்கி செட்டித் தெருவில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் 22 வருஷமாக வேலை. கப்பல் என்றால் எனக்குக் கண்டெய்னர், பில் ஆஃப் என்ட்ரி, டெலிவரி ஆர்டர். அதில் ஏறி உட்கார்ந்து ஊர் பார்க்கலாம் என்ற நினைப்பு எங்கள் பக்கத்தில் பலருக்கு வந்ததே 2022 ஜூனில்தான். அப்போது சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஒரு சொகுசுக் கப்பலை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பினார். அதற்கப்புறம் ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் கல்யாண வீட்டுப் பேச்சில்கூட, "ஒரு தடவை கப்பல்ல போய்ட்டு வரணும்" என்பது சாதாரணமாகிவிட்டது. சீட்டுப் பணம் எடுத்துப் போகிறார்கள். ரிட்டயர்மென்ட் பணத்தில் போகிறார்கள். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அதனால்தான் இந்த விஷயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நாங்கள் போனது போன வருஷம் மே மாதம், சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நான்கு இரவுப் பயணம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அத்தை. அத்தை என்றால் என் மாமியார், 76 வயது. வெகுநாளாகச் சர்க்கரை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் இன்சுலின் ஊசி போட வேண்டும். புக்கிங் செய்து கொடுத்தவர் மேல் வேறு எந்தக் குறையும் எனக்கு இல்லை. விசா, விமானம், ஓட்டல் எல்லாம் கச்சிதம். ஆனால் கப்பல் டிக்கெட்டின் உள்பக்கத்தில் ஒரு வரி இருந்தது: இரவு உணவு, முதல் சிட்டிங் (அதாவது முதல் பந்தி), 5.30. அவர் அதைப் பற்றி எங்களிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஏறின பிறகு அறைச் சாவி அட்டையில்தான் நாங்களே பார்த்தோம்.

நம் ஊரில் சாயங்காலம் 5.30 என்பது டீ, வடை நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் வேறு நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே 5.30 என்றால் சென்னையில் மதியம் 3 மணி. அத்தையின் வயிறு சென்னையில்தான் இருந்தது. மதியம் கட்டிக்கொண்டு போன புளிசாதம் இன்னும் செரிக்கவில்லை. 'சாப்பாடு 5.30க்கு' என்றதும், சொன்னபடி கேட்கும் மனுஷி, 5 மணிக்கு ஊசி போட்டுக்கொண்டார். மேசையில் உட்கார்ந்து சூப்பில் இரண்டு ஸ்பூன், ரொட்டியில் ஒரு துண்டு, அவ்வளவுதான் இறங்கியது. "அப்புறமா சாப்ட்டுக்கறேன்மா" என்றார். எனக்கு அப்போது உறைக்கவில்லை. 7 மணிக்கெல்லாம் எங்கள் மேசையை அடுத்த ஆட்களுக்காகத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

8 மணி இருக்கும். அறையில் அத்தை கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கொண்டை ஊசி கையில் நிற்கவில்லை. ஒன்று விழுந்தது, எடுத்தார், மறுபடி விழுந்தது. நெற்றி முழுக்க வியர்வை, ஏசி அறையில். சர்க்கரை பார்க்கும் மெஷினில் பார்த்தால் 58, ரொம்பக் குறைவு. டீ போடுவதற்கு வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலம் நான்கைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். என் பெரியவள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கால் மணி நேரத்தில் கை நடுக்கம் நின்றது. பிறகு பஃபேயிலிருந்து சாதமும் பருப்பும் கொண்டுவந்து ஊட்டினோம். அன்றைக்கு வெளியே கடலை யாரும் பார்க்கவில்லை.

அத்தையின் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. மாமனார் பெரம்பூர் பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். மில் சங்கு ஊதினால்தான் அந்தத் தெருவில் அடுப்பு ஏறும், இறங்கும். 1918ல் அந்த மில் தொழிலாளர்களுக்காக இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று உருவானபோது, அவர்கள் முதலில் சொன்ன குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதுதான். சாப்பாட்டு நேரம் என்பது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சும்மா வந்தது இல்லை. மில்லை 1996ல் மூடிவிட்டார்கள். சங்கு நின்று இத்தனை வருஷம் ஆகியும், அத்தை ராத்திரி 8 மணிக்குத் தட்டு எடுத்து வைப்பது நிற்கவில்லை. மருந்தும் அந்த நேரத்தை ஒட்டியே பழகிவிட்டது. இப்படிப்பட்ட ஒருவருக்கு யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் முதலில் வந்த கட்டத்தைத் தட்டிவிட்டு 5.30 என்று முடிவு செய்தது சரியா?

சரி, கப்பலில் இது எப்படி நடக்கிறது என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. கப்பலின் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் பயணிகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நாற்காலி இருக்காது. அதனால் கல்யாண மண்டபம் மாதிரிதான், பந்தி பந்தியாக. முதல் பந்தி 5.30, 6 மணி வாக்கில். இரண்டாவது பந்தி 8, 8.30 வாக்கில். இது குறித்த நேரச் சாப்பாடு. பயணம் முடியும்வரை அதே மேசை, அதே பரிமாறுபவர்கள். ராத்திரி ஆட்டம் பாட்டமும் இதை ஒட்டித்தான் இரண்டு காட்சியாக வைப்பார்கள். ஒரு பந்தி சாப்பிடும்போது இன்னொரு பந்தி அரங்கில் இருக்கும்.

இன்னொன்று இஷ்ட நேரம். கூடம் திறந்திருக்கும் நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், காலியான மேசை கிடைக்கும். ராயல் கரீபியன் கப்பல்களில் இதை 'மை டைம்' என்கிறார்கள். நார்வீஜியன் கப்பல்களில் 2000த்திலிருந்து பந்தி முறையே கிடையாது, எல்லாமே இஷ்ட நேரம். டிஸ்னி கப்பல்களில் நேர்மாறு. நேரம் குறித்ததுதான், ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு சாப்பாட்டுக் கூடம், பரிமாறுபவர்களும் நம்மோடு கூடவே வருவார்கள். ஆகவே எந்தக் கம்பெனிக் கப்பல் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது. இதைப் பணம் கட்டும் முன்பே சொல்ல வேண்டாமா?

நான்கே இரவில் நாங்கள் மூன்று விதத்தையும் பார்த்துவிட்டோம். மறுநாள் காலை வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கூடத்தின் மேலாளரைப் போய்ப் பார்த்தார். இரண்டாவது பந்தி நிரம்பிவிட்டது, பெயரை எழுதி வைத்துக்கொள்கிறேன், அதுவரை இஷ்ட நேரத்தில் வாருங்கள் என்றார். போனோம். ஊரே 7.30க்கு வருகிறது, நாங்களும் 7.30க்குப் போனோம். ஐந்து பேருக்கு ஒரே மேசை என்றால் காத்திருக்க வேண்டும். இருவர், மூவர் என்று பிரிந்து உட்கார்ந்தால் உடனே கிடைக்கும். அத்தையை வாசலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஊசியைப் பையிலேயே வைத்துக்கொண்டு, மேசை கிடைத்த பிறகு போடலாம் என்று நான் கடிகாரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அரை மணிக்கு மேல் ஆகியது. உள்ளே போனால் புது ஆள். அத்தைக்குப் பல் பாதி இல்லை, சாதம் குழைய வேண்டும், காரம் குறைவாக என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னோம். அவர் பாவம், அன்போடுதான் கேட்டார். அவசரத்தில் சாதம் விறைப்பாகவே வந்தது. கப்பல் கம்பெனியின் செயலியில் முன்கூட்டியே நேரம் பதிந்து வைத்தால் இந்தக் காத்திருப்பு குறையும் என்று பிற்பாடு தெரிந்தது. அதையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் நாள் இரண்டாவது பந்தியில் ஒரு மேசை காலியானது. 8 மணி. பரிமாறியவர் பிலிப்பைன்ஸ்காரர், என் தம்பி வயது. அன்றைக்கு நாங்கள் சொன்னதைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். 'குழைய' என்று நாங்கள் எங்களுக்குள் பேசியதைக் கேட்டு, அது என்ன என்று விசாரித்தார். அத்தை மேசையிலேயே ஒரு சோற்றுப் பருக்கையை விரலால் நசுக்கிக் காட்டினார். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். எழுந்திருக்கும் முன், "நாளைக்கு அம்மாவுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டார். மறுநாள் சனிக்கிழமை, அத்தை கவுச்சி தொடமாட்டார், முட்டையும் கூடாது என்றோம். மறுநாள் நாங்கள் உட்காருவதற்குள் மேசைமேல் வெந்நீர். அப்புறம் மூடி போட்ட கிண்ணத்தில் பருப்பும் சாதமும், மசித்தது. "குழையா, குழையா" என்று சொல்லிக்கொண்டே வைத்தார். அத்தை அன்றைக்குத்தான் கப்பலில் முதல் தடவையாக இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அதனால் வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகும் குடும்பத்துக்குக் குறித்த நேரம்தான் நல்லது என்பது என் தீர்மானமான எண்ணம். மருந்துக்கு ஒரு கணக்கு கிடைக்கிறது. ஒரே ஆளிடம் ஒரு தடவை சொன்னால் போதும். சைவம், முட்டை இல்லாதது, காரம் குறைவு என்று நம் சாப்பாட்டில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது இல்லையா?

ஆனால் எந்தப் பந்தி என்பது எந்தத் திசையில் பயணம் என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூருக்கு இரண்டாவது பந்தி. சென்னையிலிருந்தே கிளம்பும் கப்பலுக்கும் அதேதான், நம் வழக்கமான நேரம் அதுவே. ஐரோப்பாவுக்குப் போனால் கதை மாறுகிறது. கோடையில் இத்தாலிக் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ராத்திரி 8.30 என்றால் நமக்கு நடுராத்திரி 12. போன முதல் இரண்டு மூன்று நாளைக்குப் பெரியவர்கள் மேசையிலேயே தூங்கிவிழுவார்கள். அங்கே 6 மணிப் பந்திதான் அவர்கள் உடம்புக்குச் சரி. இந்தச் சின்னக் கணக்கைப் போட ஒரு நிமிஷம் ஆகாது. டிக்கெட்டில் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுப்பதைவிட இது எங்களுக்குப் பெரிய உதவி.

இஷ்ட நேரமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் காசிமேட்டில் போட் வைத்திருக்கிறார். தங்கலுக்குப் போனால் நாள் கணக்கில் கடலில்தான். வலை ஏறின பிறகுதான் சோறு, அது காலை 4 மணியாக இருந்தாலும் சரி, மதியம் 3 மணியாக இருந்தாலும் சரி. அவரை 8 மணிக்கு இந்த நாற்காலியில் உட்கார் என்று கட்டிப்போட்டால் அவருக்கு அது விடுமுறையே இல்லை. கரையில் இறங்கி ஊர் சுற்றிவிட்டு நிதானமாகத் திரும்புகிறவர்களுக்கும், புதுசாகக் கல்யாணமானவர்களுக்கும் இஷ்ட நேரம் அருமையாகப் பொருந்தும். ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்கும்போது இன்னும் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவர்களின் வயது. ஊசியோ மாத்திரையோ சாப்பாட்டை ஒட்டி இருக்கிறதா. வீட்டில் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள். இரண்டு குடும்பம் தனித்தனியாக புக்கிங் செய்தால், ஒரே மேசை வேண்டும் என்றால் அந்த இரண்டு புக்கிங் எண்களையும் இணைக்கச் சொல்லி, நேரத்தையும் ஒன்றாகவே போடுங்கள். ஒருவருக்கு இஷ்ட நேரம், இன்னொருவருக்கு முதல் பந்தி என்று போட்டுவிட்டால், ஒரே கப்பலில் போய்விட்டு ஒரு ராத்திரிகூடச் சேர்ந்து சாப்பிட முடியாது. கேட்ட பந்தி கிடைக்கவில்லை என்றால் மறைக்காதீர்கள். ஏறின அன்றைக்கே மதியம் சாப்பாட்டுக் கூடத்தின் மேலாளரைப் போய்ப் பாருங்கள், மாற்றித் தர வாய்ப்பு உண்டு என்று சொல்லி அனுப்புங்கள். நாங்கள் ஒரு நாள் தாமதித்துப் போனோம். அப்புறம் ஒன்று: கப்பலில் சாப்பாடு கப்பல் நேரப்படிதான். கரை நெருங்கினால் செல்போன் தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும். பெரியவர்களை ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட் எல்லாம் காசிமேட்டில் கரையில் நிற்கும். அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அண்ணன் குடும்பமும் நாங்களும் சேர்ந்து மறுபடி ஒரு கப்பல் பயணம் போவதாகப் பேசிவைத்திருக்கிறோம். மொத்தம் 9 பேர். உங்களில் யாரிடம் வருவோம் என்று இன்னும் முடிவாகவில்லை. அத்தையும் வருகிறார். அவருக்கு ஊசி ராத்திரி 7.30 மணிக்கு.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பயணி