இருங்காட்டுக்கோட்டையின் கதவு இளைஞர்களுக்கும் திறக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடத்தப்பட்ட இரவு நேரக் கார்ப் பந்தயத்தைக் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். மோட்டார் பந்தயம் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, அதற்கும் மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் சாரம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு, பந்தய நாள்களில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் தன்னார்வ மார்ஷலாக, அதாவது தடத்தோரம் கொடி காட்டிப் பாதுகாப்பைக் கவனிப்பவனாக நிற்பவன், முன்பு சில காலம் தொடக்கநிலைப் பிரிவில் கார் ஓட்டியவன் என்ற முறையில், அந்தக் கருத்து பாதி உண்மை என்பதை ஒப்புக்கொண்டே, விடுபட்ட மறுபாதியை எழுத விரும்புகிறேன்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தற்காலிகத் தடத்தைப் பார்த்த பலருக்குச் சென்னையில் பந்தயம் அன்றுதான் பிறந்தது போன்ற எண்ணம் ஏற்பட்டிருக்கலாம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது 1953இல். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் ஆண்டுதோறும் நடந்த பந்தயங்களைப் பார்க்க, கட்டுச்சோற்றுடன் குடும்பம் குடும்பமாகச் சென்றவர்கள் இன்றும் வடசென்னையில் இருக்கிறார்கள். பிறகு அந்தக் கிளப்பே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி அமைத்த 3.7 கிலோமீட்டர் நிரந்தரத் தளம் 1990இல் செயல்பாட்டுக்கு வந்தது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் தளம், மாருதி 800 என்ஜினை வைத்து எளிய விலையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தம் முதல் பந்தயத்தை ஓட்டியது அத்தகைய ஒரு ஃபார்முலா மாருதி காரில்தான்.

ஆனால் நான் எழுத வந்தது நரேனைப் போன்றவர்களைப் பற்றி அன்று. தேசியப் போட்டியில் பந்தயம் தொடங்கக் கார்கள் அணிவகுக்கும் கிரிட்டின் கடைசி இரண்டு வரிசைகளில் நிற்கும் கார்களின் சொந்தக்காரர்களைத் தங்கள் செய்தியாளர்கள் ஒருமுறை சந்திக்க வேண்டும். ஒருவர் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பார், இன்னொருவர் மென்பொருள் நிறுவனத்தில் இரவுப் பணி முடித்து நேரே வந்திருப்பார், வேறொருவர் லேத் பட்டறைக்காரர். இவர்களில் பலர் நீண்ட காலம் நம்பியிருந்தது மாருதி எஸ்டீம் காரை. அதன் உற்பத்தி 2007இலேயே நின்றுவிட்டதால், கியர்பாக்ஸ் ஒன்று உடைந்தால் புதுப்பேட்டைக் கடைகளில் ஏறி இறங்கி, மூன்று பழைய பெட்டிகளைப் பிரித்து ஒன்றைத் தேற்றுவார்கள். (பேரம் பேசுகிறவனின் முகத்தைப் பார்த்தே இவன் பந்தயக்காரன் என்று கண்டுபிடித்து விலையை ஏற்றும் வித்தை அங்குள்ள வியாபாரிகளுக்குக் கைவந்தது.) பின் இருக்கை, தரைவிரிப்பு, கதவின் உள்ளுறை அனைத்தையும் கழற்றிவிட்டு, உருக்குக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் ரோல் கேஜ் என்ற கூண்டை அமைத்து, ஐந்தாறு மாத மாலை நேரங்களைச் செலவிட்ட பிறகே ஒரு சாதாரணக் கார் பந்தயக் கார் ஆகிறது. அதன் பிறகும் பந்தயத்துக்கு முந்தைய பாதுகாப்புச் சோதனையான ஸ்க்ரூட்டினியில் ஹெல்மெட்டின் தரமுத்திரை காலாவதியாகிவிட்டது, பெல்ட் பிணைப்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பப்படலாம். சாதாரண மோட்டார் காப்பீடு பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குப் பொருந்தாது என்பதால், முதல் திருப்பத்தில் இன்னொருவர் இடித்துவிட்டாலும் செலவு முழுவதும் கார்க்காரர் தலையில்தான். வெற்றிக் கோப்பையோ பரிசுத் தொகையோ கிடைக்காது என்று தெரிந்தே இவர்கள் அடுத்த சுற்றுக்கும் நுழைவுக் கட்டணம் கட்டுகிறார்கள். இதற்குக் காரணம் கேட்டால் அவர்களாலேயே தெளிவாகச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

மார்ஷல்களைப் பற்றி இதுவரை எந்தத் தமிழ் நாளிதழும் விரிவாக எழுதிப் படித்ததாக நினைவில்லை. தளத்தின் ஒவ்வொரு முக்கியத் திருப்பத்திலும் ஒரு சாவடி உண்டு. அங்கே மஞ்சள் கொடி வைத்திருப்பவர் தமக்கு அடுத்துள்ள பகுதியில் ஏதேனும் விபத்து நிகழ்கிறதா என்று பார்த்து நிற்க, நீலக் கொடி வைத்திருப்பவர் அவருக்கு எதிர்த்திசையில் திரும்பி, வந்துகொண்டிருக்கும் கார்களைப் பார்த்து நிற்பார். ஒருவருடைய முதுகை மற்றவர் கண்ணால் காப்பது இந்த ஏற்பாடு. மஞ்சள் அசைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது என்று பொருள். மஞ்சளும் சிவப்பும் கோடிட்ட கொடி, தடத்தில் எண்ணெய் சிந்தி வழுக்குகிறது என்பதைச் சொல்லும். எண்ணெய் சிந்தினால் அதன் மேல் பொடியைத் தூவித் துடைப்பத்தால் பெருக்குவதும் நாங்கள்தான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வயர்லெஸ்ஸில் உத்தரவு வராமல், கண்ணெதிரே கார் கவிழ்ந்து கிடந்தாலும் தடத்தைக் கடந்து ஓடக் கூடாது என்பது முதல் நாளிலேயே கற்பிக்கப்படும் பாடம்; கடைப்பிடிக்க மிகக் கடினமான பாடமும் அதுவே. வங்கி ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் காலை முதல் மாலை வரை அந்த வெயிலில் நிற்பது ஊதியத்துக்காக அன்று. 2011 முதல் 2013 வரை நொய்டா அருகே உள்ள புத்த் சர்வதேசப் பந்தயத் தளத்தில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது கொடி பிடித்தவர்களில் இங்கிருந்து சென்றவர்களும் இருந்தனர்.

ஆபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் இதே இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில், ஜனவரியில் கார்ப் பந்தயத்தில் ஒரு மூத்த வீரரும், ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தனர். சிறுவர்களுக்கான வயது வரம்பையும் வண்டிகளின் திறனையும் இன்னும் கண்டிப்பாக வரையறுக்க வேண்டும் என்பதில் எங்களில் பலருக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனினும் மூடிய தளத்தில் மருத்துவரும் ஆம்புலன்ஸும் தயாராக இல்லாமல் ஒரு சுற்றுகூடத் தொடங்குவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மெரினாவிலும் நள்ளிரவில் பந்தயம் விடும் இளைஞர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் மோதுவதும் தடுப்புச் சுவரில் அன்று, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் மேல்.

அந்த இளைஞர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவு இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், மறுமுறை செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் என்று அது தண்டனையைக் கூட்டியது. வண்டியைப் பறிமுதல் செய்வதும் பெற்றோரை அழைத்து எச்சரிப்பதும் தேவைதான். ஆனால் வேகத்தில் ஆசை கொண்ட பத்தொன்பது வயது இளைஞனிடம் இங்கே ஓட்டாதே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது; எங்கே ஓட்டலாம் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். இப்போதும் இரு தளங்களிலும் பயிற்சி நாள்கள் உண்டு. ஆனால் தளக் கட்டணம், தோல் உடை, கையுறை, தரச்சான்றுள்ள ஹெல்மெட், வண்டியை ஏற்றிச் செல்லும் வாடகை ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்கும் எந்த இளைஞனும் பாதியிலேயே கணக்கை மடித்து வைத்துவிடுவான். நிறுவனங்கள் தாமே வண்டியைத் தயார்செய்து கொடுத்து நடத்தும் ஒரே மாடல் பந்தயங்கள் ஓரளவு கைகொடுக்கின்றன என்றாலும், அவற்றில் இடம் கிடைப்பவர்கள் சிலரே.

தெருப் பந்தயத்துக்கு அரசு செலவிட்ட பணம் சரியா தவறா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று பேசப்பட்டுவிட்டது. அதை நான் மீண்டும் கிளற விரும்பவில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அந்தப் பந்தயத்தில் காட்டிய அக்கறையில் ஒரு சிறு பங்கையாவது இந்த இரண்டு நிரந்தரத் தளங்களின் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் உரிமம் பெற்ற எந்த இளைஞனும் தன் சொந்த வண்டியுடன் குறைந்த கட்டணத்தில் வந்து, பயிற்றுநர் மேற்பார்வையில் ஓட்ட வழி செய்யலாம். ஹெல்மெட்டையும் கவச உடையையும் வாடகைக்கு வைக்கலாம். அன்றைய ஆம்புலன்ஸ் செலவையும் விபத்துக் காப்பீட்டையும் ஆணையம் ஏற்கலாம். கொடி பிடிக்க ஆள் வேண்டுமென்றால், நாங்கள் இருக்கிறோம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு யாரும் விலை கேட்கப் போவதில்லை.

தங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை உண்டு. தேசியக் கார், பைக் பந்தயச் சுற்றுகள் இங்கே நடக்கும்போது, முடிவுகளை இரண்டு வரியில் வெளியிடுவதோடு நிற்காமல், நடைபெறும் தேதியையும், பார்வையாளருக்கு அனுமதி உண்டா என்பதையும், மார்ஷல் பயிற்சிக்கு எங்கே பெயர் கொடுக்க வேண்டும் என்பதையும் ஒரு வாரம் முன்னதாகவே விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தன்னார்வ மார்ஷல் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை.