களிம்பு என்றால் விஷம்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் கடிதங்கள் பகுதியில் ஒரு வாசகர், உங்கள் மருத்துவப் பக்கத்தில் 'வலிக்கிற இடத்தில் களிம்பு தடவலாம்' என்று வந்ததைப் பிடித்துக்கொண்டு, களிம்பு என்பது செம்புப் பாத்திரத்தில் பச்சையாகப் படியும் விஷம், அதைப் போய் மருந்துக்குப் பெயராக வைக்கலாமா, பேசாமல் எல்லாருக்கும் தெரிந்த 'பாம்' என்றே போடுங்கள் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

செம்புக் குடத்தின் கழுத்து மடிப்பில், துலக்கும் கை எட்டாத இடத்தில், நீலமும் பச்சையும் கலந்து பாசி மாதிரி ஒன்று படிந்திருக்குமே, அது களிம்புதான். ஈரக்காற்று பட்டாலே செம்பில் அது வரும், புளிப்பு பட்டால் இன்னும் வேகமாக வரும், வயிற்றுக்குள் போனால் குமட்டலும் வாந்தியும்தான். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு, அதாவது உயிரை ஆதியிலிருந்தே பற்றியிருக்கும் அழுக்குக்கு, சொல்லும் உவமையும் இதுவே: செம்பு என்றைக்கு உண்டோ அன்றைக்கே களிம்பும் அதோடு உண்டு. 'களிம்பறுத்தான் எங்கள் கண்ணுதல் நந்தி' என்று திருமந்திரத்தில் வருவது இந்தக் களிம்பைத்தான், நந்தி என்று அங்கே சொல்வது சிவனை. அதைத் தடவுகிற மருந்து என்று எடுத்துக்கொண்டால், நந்தி மருந்தைப் பிடுங்கி எறிந்துவிட்டார் என்று ஆகிவிடும்!

ஆனால் அதே சொல்லுக்குப் புண்ணில் பூசும் மருந்து என்ற பொருளும் பழையதுதான், பத்திரிகைக்காரர்கள் நேற்று உட்கார்ந்து செய்ததில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியைப் பிரித்தால் இரண்டும் இருக்கும். சித்த மருத்துவத்தில் வெளிமருந்து 32 வகை என்பார்கள். கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது என்று போகிற அந்த வரிசையில் களிம்பு தனி வகையாகவே நிற்கிறது. பசை வேறு, பூச்சு வேறு, களிம்பு வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றால், அந்தச் சொல் எவ்வளவு புழங்கியிருக்க வேண்டும் பாருங்கள்.

விஷத்துக்கும் மருந்துக்கும் எப்படி ஒரே பெயர்? எனக்கு இதில் பெரிய புதிர் தெரியவில்லை. களி என்றாலே குழைந்து ஒட்டுவது, களிமண்ணில் இருக்கிற களி. உலோகத்தின்மேல் ஒட்டிப் படிவது ஒரு களிம்பு, தோலின்மேல் ஒட்டிப் படிவது இன்னொரு களிம்பு என்றே எனக்குப் படுகிறது. அது மட்டுமில்லை, செம்புக் களிம்பே மருந்துக்குள் போயிருக்கிறது. ஐரோப்பிய வைத்தியர்கள் பல நூற்றாண்டுகள் 'எகிப்திய களிம்பு' என்று ஒன்றை ஆறாத புண்ணுக்குப் போட்டார்கள், அதில் இருந்தது செம்புக் களிம்பு, தேன், வினிகர், அவ்வளவுதான். அப்புறம், இரண்டு பொருள் இருப்பது குற்றம் என்றால் 'மருந்து' என்ற சொல்லையும் விட்டுவிட வேண்டியதுதான், வெடிமருந்திலும் அதுதானே இருக்கிறது.

வெடி என்றதும் 'பாம்' ஞாபகம் வருகிறது. தமிழில் எழுதினால் தலைவலிக்குத் தடவுவதும் பாம், வெடிப்பதும் பாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் என் பேத்தி உங்கள் தலைப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, "தாத்தா, தலைவலி வந்தா பாம் போடுவாங்களா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன், ஆனால் தப்பு அவள்மேல் இல்லை.

தடவுகிற 'பாம்' என்ற சொல்லைக் குறை சொல்லவில்லை, அதன் பூர்விகம் அழகானது. நறுமணப் பிசினுக்கு எபிரேயம், அரபு போன்ற மொழிகளில் இருந்த சொல் கிரேக்கத்தில் பால்சமோன் ஆகி, லத்தீனில் பால்சமும் ஆகி, பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது, இன்று அங்கே balm என்று எழுதுகிறார்கள். பிற்பாடு லத்தீனைப் பார்த்து 'ல்' எழுத்தை நடுவில் திரும்பச் செருகினார்கள், எழுத்தில் மட்டும், உச்சரிப்பில் இல்லை. முதலில் அது மரத்தின் பிசின். தடவு மருந்து என்ற பொருள் பின்னால் வந்தது. விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள், அதில் வரும் கீலேயாத் என்ற நாட்டுப் பகுதியின் பேர்பெற்ற பிசின் மருந்துக்குப் 'பிசின் தைலம்' என்று போட்டார்கள், எனக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பிசின் எந்த மரத்தினுடையது என்று பொதுவாகச் சொல்கிறார்களோ, அதே இனத்தைச் சேர்ந்ததுதான் வேலிக்கு நடுகிற நம் முட்கிளுவை. ஒன்றுவிட்ட உறவு மாதிரி.

தைலத்துக்கும் ஒரு வரி. தில என்றால் வடமொழியில் எள், அதிலிருந்து வந்தது தைலம். எள்ளும் நெய்யும் சேர்ந்து எண்ணெய் ஆனதும் அதே வழி. இன்றைக்கு யூகலிப்டஸ் தைலம் என்கிறோம், அதில் எள் எங்கே என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. களிம்பில் மட்டும் செம்பைத் தேடுவானேன்?

உங்களிடமும் ஒரு குறை உண்டு. ஆயின்மென்ட், கிரீம், ஜெல் மூன்றையும் களிம்பு என்றே போட்டுவிடுகிறீர்கள். எண்ணெய்ப் பசையாகத் தோலின்மேல் நிற்பதற்குக் களிம்பு சரி. தண்ணீரும் எண்ணெயும் கலந்து சீக்கிரம் உள்ளே இழுத்துக்கொள்வதைக் கிரீம் என்றே விடலாம், மருத்துவர் எழுதிக் கொடுத்தது எது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டுமே. கண்ணில் இடும் மருந்துக்குக் 'கலிக்கம்' என்று அந்த 32-லேயே ஒரு சொல் இருக்கிறது, தமிழ் விவிலியத்திலும் வருகிறது. அதைத் தூசு தட்டி எடுத்தால் சந்தோஷப்படுவேன், கட்டாயமில்லை.

களிம்பை மட்டும் கைவிடாதீர்கள். 'பாம்'தான் வேண்டும் என்று முடிவு செய்தால் 'வலி பாம்' என்றாவது முழுசாகப் போடுங்கள். பேத்தி இன்னமும் அந்த டப்பாவைக் கையை நீட்டித் தள்ளி வைத்துக்கொண்டுதான் திறக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்