தனத்துக்கு அவசரமாக

அன்புள்ள தனம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி குறைந்திருக்கிறது. நீ கொடுத்த தைலம் தீர்ந்துவிட்டது, இன்னொரு புட்டி அனுப்பு. ராஜி பாட்டியாகிவிட்டாள். பேத்திக்குக் கணக்கு டீச்சர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று போனிலேயே சண்டை பிடித்தாயாமே! நீ திருந்தவே மாட்டாய், அப்படியே இரு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை என் சிநேகிதியாகப் படி, பிறகு வக்கீலாக இன்னொரு முறை படி.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் எங்கள் கூட்டு மருந்து மையத்துக்கு மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த பெண் ஒருத்தி வருவதை நிறுத்திவிட்டாள். நூற்பாலையில் வேலை, கணவன் இல்லை, பள்ளியில் படிக்கும் ஒரு மகன். போன் அணைந்தே கிடந்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பினால் அதுவே ஊருக்குச் செய்தியாகிவிடும். கடைசியில் ஆலை ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் பார்த்துப் பேசினேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை நேரில் சொல்கிறேன்.

கர்ப்பப்பையில் கட்டி, விடாத ரத்தப்போக்கு. ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மயக்க மருந்து டாக்டர் ஊரில் இல்லை என்றார்கள். அப்புறம் தியேட்டரில் பழுது என்றார்கள். பிறகு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு அம்மா." போனாள். அங்கே கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கட்டிலில் மாட்டினார்கள். போர்வையை அவளே துவைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவள் அவள் ஊர்க்காரி. இவள் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது. மாமியார் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். எங்கள் மையமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது, தனம். அந்தக் கேட்டைத் தாண்டவே கால் வரவில்லை என்கிறாள். ஆபரேஷனும் நடக்கவில்லை, மாத்திரையும் நின்றுவிட்டது.

என் வயிறு எரிகிறது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனையும் முதல் மையங்களில் ஒன்று. அதற்கு முன்னால் மருந்து வாங்க வழியில்லாமல் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் கணக்கில் வராத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் உடலுறவு வழியாகவும் அது அடுத்தவருக்குப் போகாது. அவளுக்குக் கடைசியாக எடுத்த பரிசோதனையில் அப்படித்தான் இருந்தது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மீண்டும் பெருகும், மருந்துக்கு அடங்காமலும் போகலாம். அவளைத் தள்ளிவிட்ட டாக்டர்களுக்கு இது தெரியாதா? பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள் தினமும் அந்த மேஜையில் படுக்கிறார்கள். அதனால்தான் கையுறையும் கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்வதும் எல்லா நோயாளிக்கும் பொது. இவளுக்கென்று தனியாக எதுவும் தேவையில்லை.

இதில் பெண்ணுக்கு விழும் அடி தனி. கர்ப்பமானதும் முதலில் பரிசோதனை செய்யப்படுகிறவள் அவள். முதலில் தெரியவருவதும் அவளுக்குத்தான். கணவன் பரிசோதனைக்கே வரமாட்டான். ஆனால் "நீதான் கொண்டுவந்தாய்" என்ற பேச்சு மட்டும் அவளுக்கு. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டிலேயே முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தபோது, அது பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தில் இருந்தது. அன்று பெண் தலையில் ஏற்றிய பழியை இன்னும் யாரும் இறக்கவில்லை. நாமக்கல் கௌசல்யாவைப் போல எழுந்து நின்று, 1998இல் பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்றே அமைப்பு தொடங்க எத்தனை பேரால் முடியும்? இவளுக்கு மகனின் பள்ளிக்கூடத்தை நினைத்தாலே நடுக்கம்.

இனி வக்கீலம்மாவுக்கு. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை மறுக்கக் கூடாது, நிலையை வெளியே சொல்லக் கூடாது, வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது, எல்லாம் அதில் இருக்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அதிகாரி இருக்க வேண்டும். நான் கேட்டபோது அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை. குறைதீர்ப்பாளரிடம் போனால் முப்பது நாளில் உத்தரவு, மருத்துவ அவசரம் என்றால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கொடுக்கப் பார்க்க வேண்டும் என்று படித்தேன். ரத்தப்போக்கு நிற்காதவளுக்கு இது அவசரம் இல்லையா? அப்படித்தான் மனு எழுத வேண்டும். வழக்கு வரை போனால் பெயரை மறைத்து நடத்த நீதிமன்றத்திடம் கேட்கலாம் அல்லவா? அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். தெளிவாகப் பதில் சொல், அவளிடம் அப்படியே படித்துக் காட்டுகிறேன்.

மாத்திரைக்கு வேறு வழி பார்த்துவிட்டேன். பக்கத்து மாவட்ட மையத்துக்கு அவள் பதிவை மாற்ற டாக்டர் ஒப்புக்கொண்டார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், ஒரு நாள் கூலி போகும். அதற்கும் சம்மதித்தாள். எதற்காக அவள் இத்தனை தூரம் போக வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, ஆனால் மாத்திரை இன்னும் தள்ளிப்போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு வந்துவிடு. வேலை இருக்கிறது, மாமியார் வருகிறார் என்று எந்தச் சாக்கும் சொல்லாதே. அவளும் என் வீட்டுக்கு வருகிறாள். ஸ்கேன் ரிப்போர்ட், தனியார் மருத்துவமனைச் சீட்டுகள், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு என்ன காகிதம் தேவை என்பதை வெள்ளிக்கிழமைக்குள் போனில் சொல்.

உன்,
மல்லிகா