நகரத்தோடு நாட்டை ஒப்பிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வந்த மலேசியா - சிங்கப்பூர் ஒப்பீட்டைப் படித்தேன். எல்லா வளமும் இருந்தும் நாம் பின்தங்கிவிட்டோம், ஒன்றுமே இல்லாத சிங்கப்பூர் முன்னுக்கு வந்துவிட்டது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். ஜொகூர் மாநிலத்து மாசாயிலிருந்து விடியுமுன் மோட்டார்சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் தொழிற்சாலைக்குப் போகிற எனக்கு இது ஒப்பவில்லை.

சிங்கப்பூரின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். மலேசியா 3 லட்சத்து 30 ஆயிரம். கிளந்தானின் நெல்வயல், சபாவின் மலைக் கிராமம், எங்கள் ஜொகூரின் செம்பனைத் தோட்டம் என்று எல்லாவற்றுக்கும் சாலை போட்டு மின்கம்பி இழுத்தாக வேண்டும். சராசரி வருமானத்தைக் கணக்கிடும்போதும் அந்த ஜனங்கள் சேர்ந்துதான் வருவார்கள். சிங்கப்பூருக்கு அந்தப் பாடு இல்லை. அது முழுக்க நகரம்.

'ஒன்றுமே இல்லாத' என்பதும் சரியில்லை. 1965-இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோதே அது பேர்பெற்ற துறைமுகம். என் தாத்தா கூலாய்ப் பக்கம் பால்மரம் சீவிய காலத்தில் மலாயா ரப்பர் அங்கிருந்துதான் நிறையக் கப்பலேறியது. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்து நெரிசலில் நிற்கும்போது பக்கத்திலேயே பெரிய பெரிய குழாய்கள் ஓடுவதைப் பார்க்கலாம். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம்; ஆயிரம் கேலனுக்கு 3 சென். 2061 வரை இதுதான் ஏற்பாடு. சுத்திகரித்த நீரில் கொஞ்சத்தை ஆயிரம் கேலன் 50 சென்னுக்கு நமக்கே விற்கிறார்கள். சுத்திகரிக்கும் செலவு அதைவிட அதிகம் என்பது அவர்கள் வாதம். அது இருக்கட்டும்.

ஆட்களும் அப்படித்தான். எங்களைப் படிக்கவைத்தது இந்தப் பக்கம். நாளைக்கு முடியாமல் போனால் வந்து படுக்கப்போவதும் இங்கேயுள்ள அரசு மருத்துவமனையில்தான். நடுவில் நாங்கள் உழைக்கிற உழைப்பு மட்டும் அந்தப் பக்க உற்பத்திக் கணக்கில் ஏறுகிறது.

நம் நாட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1973 வரை இரண்டு நாட்டுக் காசுக்கும் ஒரே மதிப்பு. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அதற்காகத்தானே நானும் வண்டியை எடுக்கிறேன்! அதை விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் சிங்கப்பூரைக் கோலாலம்பூரோடு வைத்துப் பாருங்கள். இல்லை, 1972-லேயே பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகளை வரவழைத்த பினாங்கோடு வைத்துப் பாருங்கள். கட்டுரையாளர் அப்படி ஒன்று எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
மாசாய் வாசகர், ஜொகூர்