பல்லை எண்ணுவதோடு எடையையும் தொங்கவிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தமிழகப் பத்தாம் வகுப்பு அறிவியலில் திருப்புத்திறனின் (ஒரு விசை பொருளை எவ்வளவு வலுவாகச் சுழற்றுகிறது என்பதன் அளவு) பயன்பாடாகப் பற்சக்கரம், அதாவது கியர், வருகிறது. பெரும்பாலும் அந்த வரியைப் படித்ததோடு சரி. சைக்கிளைக் காட்டி விளக்குவோரும் உண்டு. ஆனால் சங்கிலி பூட்டிய சக்கரங்கள் ஒரே திசையில் சுற்றும். பல்லோடு பல் கோத்தவை எதிரெதிராகத்தான் சுற்றும். இதற்குக் கரும்புச்சாறு இயந்திரமே நல்ல உதாரணம். உருளைகள் எதிரெதிராகச் சுற்றுவதால்தான் கரும்பு உள்ளே இழுபடுகிறது.

வகுப்பிலேயே செய்ய, 20 பல், 40 பல் பிளாஸ்டிக் கியர்கள் இரண்டு போதும். இரண்டும் ஒரே மாட்யூலாக, அதாவது பல்லின் அளவைக் குறிக்கும் எண் ஒன்றாக, இருக்க வேண்டும். பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அதனால் வெளிவிட்டத்தை வகுத்தால் மாட்யூல் தெரியும். 20 பல்லுக்கு 22 மி.மீ. என்றால் மாட்யூல் 1. அட்டையில் முக்கோணப் பல் வெட்ட வேண்டாம்; வேகம் பல்லுக்குப் பல் ஏறி இறங்கி, கடைசியில் சிக்கிக்கொள்ளும். நிஜக் கியரின் பல் இன்வால்யூட் வளைவில் (வட்டத்தில் சுற்றிய நூலை இழுத்துப் பிடித்தபடி அவிழ்த்தால் அதன் நுனி வரையும் வளைவு) இருப்பதே, சுற்றும்போது விகிதம் கொஞ்சமும் மாறாமல் இருக்கத்தான்.

மாட்யூல் 1 என்றால் மையத்துக்கு மையம் 30 மி.மீ. நெருங்கினால் இறுகும், விலகினால் பல் தாவும். பல்லிடையே ஒரு துண்டுத் தாளைக் கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்தால் இடைவெளி சரி.

கெட்டியான ஒட்டுப்பலகையில் துளையிட்டு, அச்சுக்கம்பிகளை நுழைத்து, முன்பக்கம் கியர், பின்பக்கம் ஒரே அளவுள்ள நூற்கண்டு உருளைகளை மாட்டுங்கள். பெரும்பாலும் சோதனை கெடுவது இங்கேதான். கியர் கம்பியோடு சேர்ந்து சுற்றாமல் வழுக்கும், எடை சட்டென்று விழும். அந்த வழவழப்பான பிளாஸ்டிக்கில் பசை சரியாகப் பிடிக்காது. கம்பியைவிட ஓட்டை இம்மியளவு சிறிதாக உள்ள கியரை வாங்கித் தட்டி ஏற்றுவதே நல்லது.

இரு உருளையிலும் நூல் ஒரே பக்கமாகத் தொங்கட்டும். மாறினால் இரண்டு எடையும் சேர்ந்தே இறங்கும். சிறு கியரின் உருளையில் 100 கிராம், பெரியதில் 200 கிராம் கட்டினால் அசையாமல் நிற்கும். 100 கிராம் பக்கத்தைக் கையால் 20 செ.மீ. இறக்குங்கள், 200 கிராம் 10 செ.மீ.தான் ஏறும். பாதி வேகம், இரண்டு மடங்கு திருப்புத்திறன். இதைக் கண்ணால் பார்த்த மாணவருக்குச் சூத்திரம் தனியாக வேண்டியதில்லை. 100 கிராமோடு 5, 5 கிராமாகச் சேர்த்து, எப்போது தானாக இறங்கத் தொடங்குகிறது என்று குறியுங்கள். அந்தக் கூடுதல் எடை உராய்வின் பங்கு. துளையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திரும்பவும் அளந்தால் அது குறைவது தெரியும்.

நடுவில் 30 பல் கியர் ஒன்றைச் சேர்த்தால் திசை மட்டுமே மாறும். எடைக்கணக்கு அதே 1:2. அப்போது ஒரு நூலை மறுபக்கம் மாற்றிச் சுற்ற வேண்டும்.

மீட்டர் அளவுகோலைத் தொங்கவிட்டு எடை காணும் செய்முறை ஏற்கெனவே பாடத்தில் இருக்கிறது. அதே எடைகள், அதே நூலைக் கொண்டு, அது முடிந்த மறுநாளே இதையும் செய்ய ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

– இயந்திரவியல் பயிற்றுநர்கள், கோயம்புத்தூர்