அம்மிணி, நீ கேட்ட ரெண்டு கேள்வி

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று ஆடி ஒண்ணு. நீ கூப்பிட்டபோது நான் வாசலில் உட்கார்ந்து தேங்காய் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கையில் குச்சி, இன்னொரு கையில் போன். காற்று வேறு புகையைத் திருப்பித் திருப்பி என் முகத்திலேயே அடித்தது. நீ ரெண்டு கேள்வி கேட்டாய். தேங்காய்க்குள் என்னென்ன போடுவது, துளையை எதை வைத்து அடைப்பது என்பது முதலாவது. "அம்மா, உனக்கு நெஜமாவே சாமி நம்பிக்கை இருக்குதா?" என்பது ரெண்டாவது. உன் மகள் குட்டி உன்னிடம் கேட்டாளாம், உனக்குப் பதில் தெரியவில்லையாம், என் பக்கம் தள்ளிவிட்டாய். நான் இருமி முடிப்பதற்குள் மீட்டிங் என்று வைத்தும்விட்டாய்.

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன். உன் வயதுப் பிள்ளைகள் இன்னும் நாலு பேர் அவரவர் அம்மாவிடம் இதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும். அம்மிணி என்றுதான் எழுதியிருக்கிறேன், உன் பெயரைப் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேங்காயில் ஒரு நார் இல்லாமல் உரித்து, ஓட்டைச் சொரசொரப்பான தரையில் உரசி வழவழப்பாக்க வேண்டும். மூன்று கண்ணில் ஒன்றுதான் இளகிய கண், அதைக் குத்தித் தண்ணீரை டம்ளரில் வடித்துக்கொள். வறுத்த பாசிப்பருப்பு, ஊறின பச்சரிசி, பொட்டுக்கடலை, எள், தட்டின வெல்லம், ரெண்டு ஏலக்காய். எல்லாவற்றையும் கலந்து கண் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளு. முக்கால் பங்குக்கு மேல் போடாதே, அரிசி வேக இடம் வேண்டும். வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்று. அப்புறம் அழிஞ்சிக் குச்சியைத் தோல் சீவி, மஞ்சள் பூசி, கண்ணில் இறுக்கிச் செருகு. ஜெர்மனியில் அழிஞ்சிக்கு எங்கே போவாய்? கோடையில் ஈசர் ஆற்றங்கரையில் கரியடுப்பு மூட்டிக் கறி சுடுகிறீர்களே, அங்கே ஏதாவது நல்ல பச்சைக் குச்சி கிடைக்கும். சுடுவதையும் அங்கேயே சுடு. இங்கேயும் இது காவிரிக்கரை ஊர்க்காரர்கள் செய்கிற நோம்பிதான். ஈரோட்டிலிருந்து கரூர், சேலம் வரை நேற்று தெருவுக்குத் தெரு இந்தப் புகைதான்.

லீவு ஞாயிற்றுக்கிழமைதான், அன்றைக்குச் செய்தால் ஆகாதா என்றாய். இதற்குப் பதில் சொல்ல உன் அப்புச்சியை, அதான் என் அப்பாவைக் கூப்பிட வேண்டும்.

நான் வளர்ந்த வீட்டில் சாமி படம் கிடையாது, உனக்குத் தெரியும். ஈரோட்டில் பன்னீர்செல்வம் பூங்கா பக்கம் குடியிருந்தோம். அப்புச்சி கருப்புச்சட்டைக்காரர். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் நிறைவேறிய மறுவருடம், 1968ல், மாலை மாற்றிக்கொண்டு அம்மாயியைக் கூட்டிவந்தவர். பெரியார் பிறந்த ஊர் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அதே ஊரில்தான் பங்குனி வந்துவிட்டால் பெரிய மாரியம்மன் கோயில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற, இருட்டோடு இருட்டாக ஈரச்சேலையும் குடமுமாகப் பெண்கள் போவார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஆடி ஒண்ணு வந்தால் தெருப்பிள்ளைகள் எல்லாம் திண்ணையில் தேங்காய் உரசுகிற கரகரச் சத்தம் காலையிலிருந்தே கேட்கும். எங்கள் வீட்டில் மட்டும் சத்தம் இருக்காது.

ஒரு வருடம் அழுதுவிட்டேன். ஏழெட்டு வயசு இருக்கும். அப்புச்சி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பொழுதோடு ஒரு தேங்காயோடு வந்தார். அவரே உரித்து, அவரே உரசி, பருப்பு வெல்லம் எல்லாம் திணித்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சுட்டுக் கொடுத்தார். "நேத்துச் சுட்டிருந்தா அது மூடநம்பிக்கை. இன்னைக்குச் சுட்டா பலகாரம்" என்றார். மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. ஆனாலும் அந்த ருசி எனக்கு அப்புறம் எந்தத் தேங்காயிலும் கிடைக்கவில்லை. ஆக, ஞாயிற்றுக்கிழமை சுட்டால் உன் அப்புச்சி கணக்கில் அது பலகாரம். உன் அப்பத்தா கணக்கில் தெய்வகுத்தம். நீயே முடிவு செய்துகொள்.

அப்பத்தா வீட்டுக்கு நான் வந்தது 1990ல். சீர் இல்லாமல் கல்யாணம் இல்லை என்று இவர்கள் பக்கம், சடங்கு கூடாது என்று அப்புச்சி. கடைசியில் அருமைக்காரர், அதான் நம் சனத்திலேயே சீர் செய்துவைக்கிற பெரியவர், அவரை வைத்து நடத்தலாம் என்று முடிவானது. "ஐயர் இல்லையல்லோ, அது போதும்" என்று அப்புச்சி ஒத்துக்கொண்டார். மாப்பிள்ளை குடிக்க மாட்டார், வாய்க்கால் பாசனத்தில் நாலு ஏக்கர் இருக்கிறது என்பதும் ஒரு காரணம். கொள்கை வேறு, மகள் வேறு.

இங்கே வந்து பார்த்தால் வருடம் முழுக்க நோம்பிதான். எனக்கு ஜனவரி, பிப்ரவரிதான் தெரியும், அப்பத்தாவுக்குத் தை, மாசி. எந்த மாதம் எந்தக் காட்டில் என்ன வேலை, எந்தச் சாமிக்கு என்ன, எந்த ஒறம்பரைக்கு, அதான் சொந்தக்காரர்களுக்கு, எப்போது சொல்லிவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு ஒரே கணக்கு. ஆடிக் காற்று எழுந்ததும், "பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மழை, நமக்குக் காத்து" என்பார். ஆடிப் பதினெட்டு கழிந்து ஆகஸ்ட் 15 வாக்கில் பவானிசாகர் அணையில் தண்ணீர் திறப்பார்கள், நாற்று விட வேண்டும். ஐப்பசி மழைதான் நம் மழை. மஞ்சள் வெட்டுவது தை, மாசியில். இப்படியே போகும். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அதைப் பார்த்து, "ஏங்கண்ணு, பரிச்சைக்கா படிக்கற?" என்று சிரித்தார். எழுதிய நோட்டு எங்கோ போய்விட்டது, கணக்கு மட்டும் கைக்கு வந்துவிட்டது.

பாரதப் போர் ஆடி ஒண்ணில் ஆரம்பித்துப் பதினெட்டில் முடிந்தது, அதற்குத்தான் தேங்காய் சுடுவது என்று அப்பத்தா கதை சொல்வார். ஒருமுறை அப்புச்சி வந்திருந்தபோது கேட்டார்: "ஏனுங், தேங்காயச் சுட்டது பாண்டவரா, கௌரவரா?" அப்பத்தா அசரவில்லை. "செயிச்சவங்கதானுங்ண்ணா சுட்டுத் தின்னுருப்பாங்க" என்றார். அப்புச்சிக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வாதாட ஆள் வேண்டுமே.

இனி உன் ரெண்டாவது கேள்வி. நீ நினைவில் வைத்திருக்கிறாயா தெரியவில்லை. 1997, சித்திரை வெயில். உனக்கு அஞ்சு வயசு. உடம்பெல்லாம் அம்மை. வீட்டில் தாளிப்பை நிறுத்தினார் அப்பத்தா, வாசல் நிலையில் வேப்பிலை செருகினார், ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்றுவிட்டார். தகவல் தெரிந்து அப்புச்சி பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?" என்றார். "காட்டலாம், ஆனா அம்மாவ வெரட்டப் பாக்கக் கூடாது" என்றார் அப்பத்தா. ரெண்டும் நடந்தது. டாக்டர் மருந்து எழுதினார், அப்பத்தா வேப்பிலை அரைத்தார்.

காய்ச்சல் இறங்கவில்லை. ஏழாம் நாள் ராத்திரி நீ என்னென்னமோ பிதற்றினாய். வாழை இலையில் படுக்கவைத்திருந்தோம், இலை உன் உடம்புச் சூட்டில் வதங்கிக் கிடந்தது. அப்புச்சி எழுந்து வெளியே போனார். போனவர் திரும்பவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையை இழுத்துப் பிடித்து, கொழுந்தாகப் பார்த்து ஒடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டார்ச்சை எடுத்துவிட்டு, "வேப்பில கிருமிநாசினி. அதுக்காகத்தான்" என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை, அம்மிணி. விடிய விடிய அந்தக் கொத்தால் உன் முதுகை வருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், நீ சொறிந்துகொள்ளக் கூடாது என்று.

நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பதுபோல் நின்றுகொண்டு கேட்டேன். யாரிடம் என்று சொல்லத் தெரியவில்லை. சத்தமாகக்கூட இல்லை. இவளை விட்டுவிடு, என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்று கேட்டேன். அவ்வளவுதான். இதை உன் அப்புச்சியிடம் கடைசிவரை சொல்லவில்லை. உன் அப்பாவுக்கே இதைப் படித்தால்தான் தெரியும்.

நீ தேறி, மூணு தண்ணீர் ஊற்றி முடித்தபோது ஊரில் மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டியிருந்தார்கள். அப்பத்தா என்னிடம் போ என்று சொல்லவில்லை. வெண்கலக் குடத்தைப் புளி போட்டு விளக்கி, வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மூணு கவை விட்ட மரத்தை நட்டு மஞ்சள் பூசி, அதுதான் அம்மனின் புருஷன் என்கிறார்கள். கம்பம் பிடுங்குகிற வரை தினமும் குளிரத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்கிறார்கள். சின்ன வயசில் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்து நான் சிரித்த அதே சமாசாரம். அத்தனை நாளும் ஊற்றினேன். அடுத்த வாரம் வந்த அப்புச்சி என் இடுப்பில் குடம் அழுத்திய தடத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "கொடம் ரொம்பக் கனமோ? சின்னதா ஒன்னு வாங்கிக்கறது" என்றார்.

வாய்க்கால் கதை ஒன்று சொல்கிறேன். உன் அப்பத்தா கல்யாணமாகி வந்த புதிதில் கீழ்பவானி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்களாம். பவானிசாகர் அணை முடிந்தது 1955ல். இருநூறு கிலோமீட்டருக்கு மண் வாய்க்கால். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள், நம் முறை இல்லாத போகத்தில் மதகு மூடியே இருக்கும். ஆனாலும் கிணறு வற்றாது. கரை வழியாகக் கசிந்து வருகிற தண்ணீர்தான். சில வருடம் முன்பு அதற்குக் கான்கிரீட் போடுகிறோம் என்றபோது ஊருக்கு ஊர் சண்டை. கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் போய்ச் சேரவேண்டும், அதுவும் நியாயம்தான். எங்கள் வெசனம் எங்களுக்கு: கசிவு நின்றால் கிணறு போய்விடும். அப்பத்தாவின் பக்தி எனக்கு மதகு திறந்து வரவில்லை. ஒருநாளும் கும்பிடு என்று சொன்னதில்லை அந்த மனுஷி. எப்படி வந்ததென்றால் கிணற்றைத்தான் காட்டுவேன்.

இப்போது சொல்லக் கஷ்டமான ஒன்று. அப்பத்தாவின் கணக்கு இப்போதெல்லாம் ஒத்துவருவதில்லை. 2016ல் ஐப்பசி மழை சுத்தமாகப் பொய்த்தது. மறுவருடம் தென்னை மொட்டையாக நின்றது, தீவனத்துக்கு வழியில்லாமல் அப்பா மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்றுவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. 2010ல் குவிண்டால் பதினைந்தாயிரம் தாண்டிய மஞ்சளில்தான் உன் காலேஜ் ஃபீஸ் கட்டினோம். அதே மஞ்சள் அப்புறம் விழுந்த வேகத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

மாடு போன அடுத்த தையில் பட்டிப் பொங்கல் வந்தது. பட்டி காலி. வேண்டாம் என்று அப்பா சொல்வார் என்று நினைத்தேன். அவர் பேசாமல் மண்வெட்டியை எடுத்து, பட்டி நடுவில் எப்போதும்போல் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டினார், சாணியால் கரை வைத்துத் தண்ணீர் ஊற்றினார். மிதிக்க மாடு இல்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கன்றுக்குட்டியை இரவல் கேட்டு இழுத்து வந்தோம். அது புது இடம் என்று மிரண்டு நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. நான் பின்னாலிருந்து தள்ள, அப்பா முன்னாலிருந்து இழுக்க, ஒரு வழியாக ஒரு காலை வைத்துவிட்டு, அப்பா வேட்டியில் சேற்றை அடித்துவிட்டுத் துள்ளி ஓடியது. ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம். மாட்டை விற்ற பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

சரி, குட்டிக்கு என்ன சொல்வாய்? சாமி இருக்கிறதா என்று அம்மாயிக்குத் தெரியுமா என்று கேட்டால், அம்மாயி ஒருமுறை அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறாள் என்று சொல். யாரிடம் என்று கேட்டால், அதை இன்னும் அம்மாயி விசாரிக்கவில்லை என்று சொல். அவளுக்கு இது போதாது, எனக்குத் தெரியும். அவள் அப்புச்சி வழிப் பேத்தி, இன்னும் கேட்பாள். கேட்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போகும்போது அவளையும் தேங்காய் உரச விடு, கை வலிக்கும்வரை. தேங்காயைத் திருப்பிக்கொண்டே இரு, ஒரே பக்கம் கருகினால் உள்ளே அரிசி வேகாது. ஓடு கறுத்து, வெல்லம் கொதிக்கிற வாசம் குச்சி வழியாக வரும். அப்புறம் படீரென்று ஒரு சத்தம் கேட்கும், குட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவை, பயந்துவிடப் போகிறாள். ஓடு விரிந்ததும் எடுத்துவிடு. ஆறும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

அன்புடன்,
அம்மா