பாய் விரித்தாயிற்று: மலேசியா, சுங்கை சிப்புட் ஊராருக்கு எங்கள் கிரிக்கெட் கிளப்பின் நன்றி மடல்

அன்புள்ள ஊர்மக்களுக்கு வணக்கம்.

பிட்ச் தயாராகிவிட்டது. சிமெண்டு காய்ந்து, மேலே கயிற்றுப் பாய் விரித்து, நாலு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்டியாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டமும் நடந்தது. தோற்றோம். அதை விடுங்கள். இந்த மடல் ஆடியவர்களைப் பற்றியது இல்லை. ஆடுகிறவர்களுக்குக் கைதட்டலும் கோப்பையும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. ஒரு பந்துகூடப் போட்டிராத, எல்.பி.டபிள்யூ. என்றால் என்னவென்று தெரியாத, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லாத மனிதர்களால்தான் இந்தக் கிளப் இத்தனை வருடம் ஓடுகிறது. நன்றி அவர்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்று பாதிப்பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மீதிப்பேரை மட்டும் போட்டால் சண்டை வரும். அதனால் யார் பெயரும் இல்லை. ஊரில் இருப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில் கிரிக்கெட் துரைமார் ஆட்டம். ஆள் குறைந்தால் கிராணிமாரில் (தோட்டத்துக் கணக்கர்களில்) ஒன்றிரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வார்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு, அங்கே வேலை, வேலி தாண்டிப் போகும் பந்தைத் தேடிக் கொண்டுவருவது. நம் ஆட்களுக்கு எப்போதும் காற்பந்துதான். ஆனாலும் ரப்பர் மரத்தின் வெட்டுக் கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை இழை இழையாக உரித்து, உருண்டையாகச் சுற்றிப் பந்தாக்கி, பலகைத் துண்டை மட்டையாக்கி லயத்து வாசலில் ஆடியவர்கள் இருந்தார்கள். அந்தப் பந்து ஒரு தடவை முழங்காலுக்கு வரும், அடுத்த தடவை தலைக்கு மேலே போகும். அதை ஆடிப் பழகியவனை எந்த ஸ்பின்னரும் ஏமாற்ற முடியாது என்று எங்கள் மூத்தவர்கள் இன்றைக்கும் பீற்றிக்கொள்வார்கள். பாதி உண்மை இருக்கலாம்.

கிளப் என்று ஒன்று உருவானது 1998இல். அந்தச் செப்டம்பரில் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் கிரிக்கெட்டையும் சேர்த்திருந்தார்கள். அஜய் ஜடேஜா தலைமையில் வந்த இந்திய அணியில் டெண்டுல்கரும் கும்ப்ளேவும் இருந்தார்கள். விடுவார்களா நம் ஆட்கள்? தோட்டத்து லோரி டிரைவர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு வேனைப் பிடித்து, கொள்ளுமட்டும் ஆளை ஏற்றிக்கொண்டு போனார். தங்கம் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியா பதக்கம் இல்லாமல் திரும்பியது. வேனில் போனவர்களோ, வரும் வழியில் தாப்பா ஓய்வுத்தலத்தில் தே தாரிக் குடித்துக்கொண்டே தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரையும் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் மறுபடி வண்டியில் ஏறினார்கள். வேன் காசை அந்த அண்ணன் கடைசிவரை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் இப்போது நம்மோடு இல்லை. அவர் வீட்டாருக்கு எங்கள் முதல் நன்றி.

அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து ஆட்கள் ஒவ்வொருவராகத் தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளுக்கு மாறினார்கள். நிலம் கைமாறியது, ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் திடலைச் சுற்றித் தகரவேலி. கடிதம் எழுதினோம், நேரில் போய் நின்றோம். பழைய இரும்பு ரோலரை எடுத்துக்கொண்டு போக ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள், அவ்வளவுதான். துரைமார் காலத்து ரோலர் அது. எங்கே வைப்பது? இரும்புக்கடை தவுக்கே (முதலாளி) தன் கடைப் பின்னால் போடச் சொன்னார். வாடகை கேட்கவில்லை. பழைய இரும்பு வாங்க வருபவர்கள் அதை விலைக்குக் கேட்கும்போதெல்லாம், “ஆள் இருக்கு, வருவாங்க” என்று சொல்லியே திருப்பி அனுப்பியிருக்கிறார். தவுக்கே, தெரிமா காசே, ரொம்ப நன்றி. ரோலர் இப்போது திடலுக்கு வந்துவிட்டது. துரு மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

திடல் தந்தது தமிழ்ப்பள்ளி. தலைமையாசிரியை அவர்களுக்கும் பள்ளி மேலாளர் வாரியத்துக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சனி, ஞாயிறு ஆடிக்கொள்ளலாம், இரண்டு நிபந்தனை என்றார் அம்மையார். கண்ணாடி உடைந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆடக் கற்றுத்தர வேண்டும், பெண்பிள்ளைகளையும் சேர்த்து. முதல் நிபந்தனையைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு என்று நினைத்தோம். ஆனால் கிளப்பை மாற்றியது இரண்டாவதுதான்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தானாக வந்தார். அவரும் ஆடியவரில்லை. ஆனால் ஸ்கோர் எழுதுவதில் புலி. கோலாலம்பூரில் பிறந்த லால் சிங், 1932இல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்டிலேயே ஆடிய கதையை அவர் சொல்லக் கேட்காத பிள்ளை நம் பள்ளியில் இல்லை. சில பிள்ளைகள் மனப்பாடமாகத் திருப்பிச் சொல்லும். நம் நாட்டுப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய வினிஃப்ரெட் துரைசிங்கத்தின் படத்தை ஸ்கோர் புத்தகத்தின் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார். 2025 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான டி20 உலகக் கோப்பை இங்கே நடந்தபோது, பள்ளி விடுமுறையாகவும் இருந்ததால், பிள்ளைகளை பாயுமாஸ் ஓவல் மைதானத்துக்கு அழைத்துப் போனோம். வேன் கொடுத்த மினிமார்க்கெட் அக்காவுக்கும், பசியாறைக்கு நாசி லெமாக் பொட்டலம் கட்டிக் கொடுத்த அம்மாமார்களுக்கும் நன்றி. இந்தியாவுக்கு எதிராக மலேசியா 31 ரன்னில் சுருண்டது. இந்தியாவின் வைஷ்ணவி சர்மா ஹாட்ரிக்கோடு (அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட்) 5 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். இந்தியா மூன்று ஓவருக்குள் அந்த ரன்னை எடுத்து ஆட்டத்தையே முடித்துவிட, பிள்ளைகள் அழுவார்கள் என்று பயந்தேன். வேனில் ஏறியதும் ஒருத்தி, “சார், அந்த அக்கா இடது கையால எப்படி விரலைச் சுத்துறாங்க?” என்று ஆரம்பித்தவள் ஈப்போ வரும்வரை விடவில்லை.

இனி பிட்ச் கதை. 22 கஜம் என்றால் 66 அடி. பந்து போடுபவர் காலூன்றவும் இடம் வேண்டுமே; 80 அடி நீளம், 8 அடி அகலம், 4 அங்குலக் கனம் என்று முடிவு செய்தோம். கணக்குப் போட்டால் 6 கன மீட்டர், ஒரு மிக்ஸர் லோரி. சிமெண்டுக்குள் வைக்கும் பி.ஆர்.சி. கம்பிவலையைத் தவுக்கே அடக்க விலைக்குக் கொடுத்தார். எல்லாம் சரி, முந்தின நாள் பெய்த மழையில் திடல் சேறாகிவிட்டது. லோரி பள்ளி வாசலைத் தாண்டி வராது என்று டிரைவர் கையை விரித்துவிட்டார். சிமெண்டுக் கலவையோ காத்திருக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடித்தாக வேண்டும்.

அப்போது கைகொடுத்தவர்கள் பக்கத்துத் தொழிற்சாலை விடுதியில் இருக்கும் வங்காளதேசத் தம்பிகள். (ஆடாதவர்களுக்குத்தான் நன்றி என்று மேலே எழுதினேன், இவர்கள் மட்டும் விலக்கு.) தள்ளுவண்டிகளை எடுத்துக்கொண்டு வந்து, சேற்றில் பலகை போட்டுப் பாதை அமைத்து, ஒருவர் பின் ஒருவராக ஓடினார்கள். அவர்களில் மூத்தவர் கட்டட வேலையில் இருந்தவர். முட்டிபோட்டு உட்கார்ந்து, மட்டப்பலகையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறுப்பதுபோல இழுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். பள்ளம் தெரிந்த இடத்தில் ஒரு கை கலவையை வீசி, மறுபடி இழுத்தார். முடித்துவிட்டு வாளித் தண்ணீரில் கை கழுவும்போது மலாயில் பேச்சுக் கொடுத்தார். 1997 ஐ.சி.சி. கோப்பைத் தொடரில் வங்காளதேசம், சுங்கை பூலோ ரப்பர் ஆராய்ச்சிக் கழகத் திடலில் நெதர்லாந்தை வென்றது, பிறகு கிலாட் கிளப் திடலில் கென்யாவைக் கடைசிப் பந்தில் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது, 1999 உலகக் கோப்பைக்குப் போனது எல்லாம் அவர் அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தாராம். கூலி எவ்வளவு என்று கேட்டோம். காசு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களையும் ஆடவிடுங்கள் என்றார். ஆடவிடுவதாவது! நம் அணியின் முதல் ஓவரைப் போடுவதே இப்போது அவர்களில் ஒருவர்தான்.

கொட்டிய சிமெண்டு வெடிக்காமல் இருக்க ஒரு வாரம் ஈரம் காயக்கூடாது. கோணிச் சாக்கைப் பரப்பி, காலை மாலை தண்ணீர் ஊற்றியது பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாட்டி. தன் வீட்டுக் குழாயிலிருந்து. தண்ணீர்க் கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம் என்றதற்கு வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. ராத்திரியில் மாடுகள் ஏறி மிதிக்காமல் நாற்காலி போட்டுக் காவல் இருந்த ஜாகா பாக்சிக், விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி கிளப்பைப் பதிவு செய்ய வேண்டிய பாரங்களை நிரப்பிக் கொடுத்த தங்கை, புல் வெட்டும் மிஷினுக்குப் பெட்ரோல் ஊற்றும் தம்பி, ஞாயிறு கோத்தோங் ரோயோங்கில் (ஊர்கூடிச் செய்யும் வேலையில்) லோங்காங் சாக்கடையைத் தூர்வாரிய காற்பந்துக் குழுவினர் (அவர்களுக்கும் ஒரு நாள் திடல் உண்டு, மறக்கவில்லை), எல்லாருக்கும் நன்றி.

வரவு செலவுக் கணக்கு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. கைமாற்றாக வாங்கியதில் மிச்சம் நிற்பதைத் தீபாவளிக்கு முன் கொடுத்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
செயலாளர்

பி.கு.: மழையில் நனைந்த பாயைச் சுருட்டித் தூக்க நாலு ஆள் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டம் முடியும் நேரத்தில் திடல் பக்கம் வருபவர்கள் ஒரு கை கொடுத்தால் தே ஓ (பால் இல்லாத டீ) எங்கள் செலவு. மூன்றாவது வரிசை வீட்டு ஆண்டி, உங்கள் ஜன்னல் கண்ணாடிக்கு அளவு எடுத்தாயிற்று.